கயிறு எட்டாத ஆராய்ச்சி மணி

“வக்கீல் வைத்திருக்கிறாயா?”

“இல்லீங்க ஐயா.”

“பதினைந்து நாள் காவல். அடுத்த வழக்கு!”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கூண்டருகே நின்றவன் வாய் திறந்து ஏதோ சொல்ல முற்படுகிறான். அதற்குள் காவலரின் கை அவன் தோளைப் பற்றுகிறது. அடுத்தவன் பெயரை டவாலிச் சேவகன் உரத்த குரலில் கூவுகிறான். வெளியே, வேப்பமரத்தடியில், இடுப்பிலே குழந்தையுடன் நிற்கும் அவன் மனைவிக்கு உள்ளே நடந்தது இன்னதென்று தெரியாது. காவல் வண்டி புழுதி கிளப்பிப் புறப்பட்ட பிறகே தெரிகிறது. “எல்லாம் என் தலையெழுத்து!” என்று நெற்றியில் அறைந்துகொள்கிறாள்.

ஊர் எதுவாயினும், மாநிலம் எதுவாயினும், நீதிமன்ற வளாகத்துப் பக்கம் போய் வந்தோர் கண்டு கண்டு பழகிவிட்ட காட்சி இது. பழகிவிட்டதாலேயே, இதிலே நடந்துவிட்ட கொடுமை என்ன என்பது நம் கண்ணுக்கும் படுவதில்லை. தலையெழுத்து என்கிறாள் அந்தத் தாய். நாமோ, தலையில் எந்த எழுத்தும் இல்லை என்று ஊர்தோறும் எடுத்துரைத்து வருபவர்கள். ஆகவே அவளிடம் நாம் கூற வேண்டிய பதில் ஒன்று உண்டு. “தாயே! எழுத்து இருக்க வேண்டிய இடம் உன் கணவன் தலையல்ல, ஒரு தாள். அவனுக்காக வழக்காட ஒரு வழக்கறிஞர் கையொப்பமிட்டிருக்க வேண்டிய வக்காலத்துத் தாள். அதை எழுதுவிக்கும் கடமை சர்க்காருடையது. அக்கடமை ஆற்றப்படவில்லை. நடந்தது விதியின் விளையாட்டன்று, விதிமுறை மீறல்!”

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததாம். அரசன் ஓடி வந்தானாம். பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டானாம். மாடு மணியடித்த கதையை மெய்யென்று நம்பும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கட்டியவனுக்கு இருந்த ஒரு தெளிவு, இன்று ஆட்சிக் கட்டிலில் அமர்வோர் பலருக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். மணியின் கயிறு, பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கிற்று! அதுதான் கதையின் உயிர். கயிறு கோபுர உச்சியில் கட்டப்பட்டிருந்தால், மணி தங்கத்தில் செய்யப்பட்டிருந்தாலும் பசுவுக்குப் பயன் என்ன?

இன்று மணி இருக்கிறது, பெரிய மணி, அரசியல் சட்டம் என்னும் மணி. கயிறு எங்கே இருக்கிறது என்பதே நம் கேள்வி.

வழக்குமன்றத்தில் இரு தரப்பும் சமம் என்கிறார்கள். சற்றே எண்ணிப் பார்ப்போம். குற்றஞ்சாட்டும் தரப்பில் நிற்பது யார்? சர்க்கார். சர்க்காரிடம் காவல்துறை உண்டு. தடயம் ஆராயக் கூடம் உண்டு. சாட்சிகளை அழைத்து வர ஆள் உண்டு. சட்டம் பயின்ற அரசு வழக்கறிஞர் உண்டு. அத்தனைக்கும் செலவு பொதுமக்கள் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும்போது அந்த ஏழை செலுத்திய வரியும் அதிலே அடக்கம்! எதிர்த் தரப்பில் யார்? கூலிக்குப் போகாவிட்டால் அன்றிரவு உலை வைக்க முடியாத ஒருவன். குற்றச்சாட்டின் பிரிவு எண் அவனுக்குப் புரியாது. ஜாமீன் கேட்கும் முறை தெரியாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பதே அறியான். அவனைச் சிறைக்கு அனுப்ப அவன் வரிப்பணமும் செலவாகிறது. அவனைக் காப்பாற்ற மட்டும் அவனே பணம் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர் சமநீதியா?

“அரசியல் சட்டம் அன்றே வழி செய்துவிட்டதே!” என்பார்கள். செய்தது, மறுக்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்கிறது. அழகான சொல், ‘விரும்பும்’! பசித்தவனைப் பார்த்து, “நீ விரும்பும் ஓட்டலில் சாப்பிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்” என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விருப்பம் அவனுக்கு உண்டு. விலை கொடுக்க வகை இல்லையே!

இந்தக் குறை ஆள்வோருக்குத் தெரியாமல் இல்லை. ஏழைக்குச் சட்ட உதவி அளிப்பதற்கென்று பிரிட்டனில் 1949லேயே சட்டம் இயற்றினர். இங்கே 1958இல் சட்டக் கமிஷன் தன் பதினான்காம் அறிக்கையில் இதனை வலியுறுத்தியது. அறிக்கை அலமாரிக்குச் சென்றது. 1976இல்தான், 42ஆம் திருத்தத்தின் வாயிலாக, 39-அ என்ற பிரிவு நுழைந்தது: பொருளாதாரக் குறைவால் எவருக்கும் நீதி மறுக்கப்படாதபடி அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டுமென்று. அது நெருக்கடி நிலைக் காலம். நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைத்த அதே திருத்தம்தான் நீதிமன்றத்துக்கு ஏழை வர வழியும் எழுதிற்று! கதவைச் சாத்திக்கொண்டே விருந்துக்கு அழைத்த விந்தையை என்னென்பது! பின்னர் 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது எப்போது? 1995 நவம்பர் 9. சட்டம் நிறைவேறிய பின்னும் எட்டு ஆண்டு உறக்கம்! 1958இல் பேசினர், 1976இல் எழுதினர், 1987இல் இயற்றினர், 1995இல் தொடங்கினர். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து சிறைக்கும் போய் வந்துவிட்டது.

இடைக்காலத்தில் சிறைகளிலே நடந்தது என்ன? 1979இல் பீகாரின் சிறைகளைப் பற்றிய செய்தி ஏட்டில் வெளிவந்தது. விசாரணை தொடங்காமலேயே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள். அவர்களுள் சிலர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய உச்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி உள்ளே இருந்தவர்கள்! ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று புகழ்பெற்ற அவ்வழக்கில் உச்சநீதிமன்றம், வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞர் அளிப்பது, உயிருக்கும் உரிமைக்கும் காவலான 21ஆம் பிரிவிலேயே அடங்கியது என்று அறுதியிட்டது. அதற்கு முந்திய ஆண்டு, சிறைப்பட்டவர் மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரைப் பெற்றுத் தருவது சர்க்காரின் கடமையே அன்றிக் கருணையன்று எனத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். 1952இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக அமர்ந்தவர். அதற்கு முன் 1948இல் தாமே சிறையின் உட்புறத்தைக் கண்டவர். கம்பிக்குப் பின்னே நின்று பார்த்தவருக்குத்தான் கம்பியின் கனம் தெரியும்!

1981இல் இன்னுங் கொடிய வழக்கு. பீகார் மாநிலம் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி அமிலத்தை ஊற்றிக் குருடாக்கினர். அவர்கள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டபோது பெரும்பாலோருக்கு வழக்கறிஞர் இல்லை. ஏன்? “அவர்கள் கேட்கவில்லை” என்பதே விடை! கண்ணிழந்தவன், சட்டம் அறியாதவன், அடித்தவனின் பிடியிலேயே இன்னும் நிற்பவன், அவன் வாய் திறந்து ‘எனக்குச் சட்டப்படி வழக்கறிஞர் தருக’ என்று கேட்டிருக்க வேண்டுமாம்! உச்சநீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. உரிமை உண்டென்று எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை. பணமில்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்லவும் இடமில்லை என்றது. 1986இல் அருணாசலப் பிரதேசத்து வழக்கொன்றில், வழக்கறிஞரின்றி விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற ஒருவர், உதவி கேட்கவில்லை என்ற காரணத்தால் அவர் குறையைத் தள்ளியது உயர்நீதிமன்றம். உச்சநீதிமன்றமோ தண்டனையையே நீக்கியது. உரிமை இருப்பதே தெரியாதவன் உரிமையைக் கேட்பது எங்ஙனம்? எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் விண்ணப்பம் கேட்பது எவ்வகை நியாயம்?

இங்கே ஒரு சீமான் குறுக்கிடுகிறார். “திருடனுக்கும் கொலைகாரனுக்கும் என் வரிப்பணத்தில் வக்கீலா?” என்று மீசை முறுக்குகிறார். ஐயா, அவன் திருடன் என்று உமக்கு யார் சொன்னது? காவல் நிலையமா? பக்கத்து வீட்டானா? மதுரையிலும் ஒருவனைக் கள்வன் என்றார்கள். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், கோவலன் தரப்பில் பேச ஒருவரும் இல்லை, வாள் வீழ்ந்தது. பிறகு கண்ணகி வந்தாள், வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்தாள், உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்று மெய்ப்பித்தாள். ஐயமற்ற வாதம், அசைக்க முடியாத சான்று! எல்லாம் இருந்தும் என்ன, வழக்கறிஞர் வந்தது தண்டனைக்குப் பின்! தமிழன் பெருமையாக ஏந்தி நிற்கும் காப்பியமே, எதிர்வாதம் கேளாத தீர்ப்பின் கேடு பற்றிய காப்பியம். அதைப் படித்தவர் கேட்கலாமா, ‘கள்வனுக்கு வக்கீல் ஏன்’ என்று?

காப்பியம் கற்பனை என்பாருக்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. அமெரிக்காவின் ஃபிளோரிடா மாநிலத்திலே, கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை, 1961இல் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து நுழைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டான். “எனக்கு வழக்கறிஞர் தாருங்கள்” என்று கேட்டான். மரண தண்டனை வழக்குக்கே தர முடியும் என்று நீதிபதி மறுத்தார். தானே வாதாடினான், தோற்றான், ஐந்தாண்டுச் சிறை. சிறையில் அமர்ந்து, பென்சிலால் எழுதி அந்நாட்டு உச்சநீதிமன்றத்துக்கு மனு அனுப்பினான். 1963 மார்ச்சில் அந்த மன்றம், கடுங்குற்ற வழக்கிலே வசதியற்றவருக்கு மாநிலம் வழக்கறிஞர் தந்தாக வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மறு விசாரணை. அதே ஊர், அதே குற்றச்சாட்டு. இம்முறை அவன் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். அரசுத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணையால் குடைந்தார். ஜூரிகள் சொன்ன முடிவு: குற்றவாளி அல்லன்! முதல் விசாரணைக்கும் இரண்டாம் விசாரணைக்கும் இடையே கிடியன் புனிதனாகிவிடவில்லை. அவனருகே சட்டம் தெரிந்த ஒருவர் வந்து நின்றார். அவ்வளவுதான் மாற்றம். அந்த ஒருவர் இல்லாமையால், குற்றமற்றவர் எத்தனை பேர் உள்ளே கிடக்கின்றனரோ என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்க வேண்டாமா?

இனி வேறொருவர் எழுகிறார். சற்றே விவரம் அறிந்தவர். “சட்டம் வந்தாயிற்று, ஆணையங்கள் வந்தாயின, மாவட்டந்தோறும் அலுவலகம் இருக்கிறது. இன்னும் என்ன கூச்சல்?” என்கிறார். கூச்சலின் காரணத்தைக் கணக்காகவே தருகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூறு பேர் உள்ளே என்றால், எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இன்னும் குற்றவாளி என்று எந்த மன்றமும் சொல்லாதவர்கள்! அந்த விசாரணைக் கைதிகளை வகை பிரித்துப் பார்த்தால், ஏறத்தாழ மூவரில் இருவர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். அக்கிரகாரத்துக்கு ஒரு தண்டனை, சேரிக்கு ஒரு தண்டனை என்று வகுத்த மனுவின் ஏட்டைக் கொளுத்தியவர்கள் நாம். ஏடு சாம்பலாயிற்று, சிறைக் கதவு மட்டும் இன்னும் பழைய ஏட்டை மனப்பாடமாக ஒப்புவிக்கிறதே!

சரி, செலவழிப்பது எவ்வளவு? இந்திய நீதி அறிக்கை 2025இல் காட்டிய கணக்கின்படி, சட்ட உதவிக்காக நாட்டில் தலைக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ ஆறு ரூபாய். தெருமுனைக் கடையில் ஒரு தேநீர் குடிக்கவும் போதாத தொகை. அதைக் கொண்டு ஓராண்டு முழுதும் நீதியைக் காப்பாற்ற வேண்டுமாம்!

போதாத பணம் எப்படிப்பட்ட வாதத்தை வாங்கும்? சொற்பக் கட்டணம், அதுவும் தாமதமாக, கட்சிக்காரரைச் சிறையில் சென்று காணாமலே வழக்கு நாளன்று கோப்பைப் புரட்டும் வழக்கறிஞர். மத்தியப் பிரதேசத்தில் 2013இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு வழக்கைப் பாருங்கள். சட்ட உதவியாக வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டது; இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. உயிரைப் பறிக்க இரண்டு வாரம்! 2019இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, விசாரணையை முதலிலிருந்து நடத்தப் பணித்தது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் பத்தாண்டு அனுபவமேனும் உள்ளவரையே சட்ட உதவி வழக்கறிஞராக நியமிக்க வேண்டும். வழக்கை ஆராயக் குறைந்தது ஏழு நாளேனும் தர வேண்டும் என்றும் வகுத்தது. சுதந்திரம் பெற்று எழுபத்திரண்டு ஆண்டு கழிந்த பின், தூக்குக் கயிற்றின் முன் நிற்பவனுடைய வழக்கறிஞருக்கு ஏழு நாள் தருக என்று உச்சநீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது! ‘இருக்கிறதே சட்ட உதவி’ என்று மார்தட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இந்நிலைக்கு மூலம் எது? பணக்குறை மட்டுமன்று, மனக்குறை. ‘இலவசம்’ என்ற சொல் நுழைந்த இடத்திலெல்லாம் கூடவே ‘இதற்கு இது போதும்’ என்ற எண்ணமும் நுழைந்துவிடுகிறது. சத்திரத்துச் சோற்றில் கல் கிடந்தால் யாரைக் கேட்பது? பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை ருசி பார்க்கலாமா? இந்த மனப்பான்மைதான் ஏழையின் வழக்கைக் கெடுக்கிறது. குற்றஞ்சாட்டும் அரசு வழக்கறிஞரை எவரும் ‘இலவச வழக்கறிஞர்’ என்று அழைப்பதில்லை. காவல்துறையின் பணியை ‘இலவசக் காவல் உதவி’ என்பதில்லை. எதிர்வாதம் செய்பவருக்கு மட்டும் அந்த அடைமொழி ஏன்? வழக்கு நேர்மையாக நடக்க இரு தரப்பும் வேண்டும் என்றால், இரண்டுமே நீதிமன்றத்தின் உறுப்புகள். ஒன்றுக்குச் சம்பளம், மற்றொன்றுக்குத் தருமம் என்பது தராசின் ஒரு தட்டை இரும்பாலும் மறு தட்டை ஓலையாலும் செய்வதாகும்.

2022 முதல், குற்றவழக்குகளில் எதிர்வாதம் செய்வதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை மாவட்டங்களில் அமர்த்தும் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கியுள்ளது. நல்ல அடி, வரவேற்கிறோம். ஆனால் ஒப்பந்த முறையில் அமர்த்தப்படுவோரிடம் நிலைத்த பணியாளரின் உறுதியை எதிர்பார்ப்பது எப்படி? ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கிறோம். எதிர்வாத வழக்கறிஞர் பணி நிலைத்த பணியாக வேண்டும். அரசு வழக்கறிஞருக்குரிய ஊதியமும் தகுதியும் அவருக்கும் வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் வரை காத்திராமல், கைது செய்த வேளையிலேயே அவர் காவல் நிலையத்துக்கு வர வேண்டும். எந்தச் சிறையில் எத்தனை பேர் வழக்கறிஞரின்றி உள்ளனர் என்ற கணக்கைத் திங்கள்தோறும் வெளியிட வேண்டும். இன்னொன்று: நம் மாநிலத்து உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் மொழி ஆங்கிலம். தமிழையும் அங்கே வழக்கு மொழியாக்க வேண்டுமென்று 2006இல் சட்டமன்றம் தீர்மானித்தும் அது நிறைவேறவில்லை. தன் உயிரைப் பற்றிய வாதம் தனக்குப் புரியாத மொழியில் நடக்கும்போது, தனக்காகப் பேசும் நாவு ஒன்று இல்லாதவன் ஊமையோடு செவிடனும் ஆகிறான்!

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது நம் இயல்பன்று. சர்க்கார் செய்யும் வரை நாம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அது சொல்லும் பணி. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுவதை எத்தனை பேர் அறிவர்? பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர், ஆட்கடத்தலுக்கும் சாதிக் கொடுமைக்கும் பேரிடருக்கும் ஆளானோர் ஆகியோருக்கு, வருமான வரம்பு எதுவுமின்றி அரசு வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. காவலில் வைக்கப்பட்ட எவருக்கும் உண்டு, எவருக்கும்! ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. தாலுக்கா நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். தொடக்கத்தில் நாம் கண்ட அந்தத் தாய் இதனை அறிந்திருந்தால், நெற்றியில் அறைந்துகொண்டிருக்கமாட்டாள். நீதிமன்றத்துக்குள் நுழைந்து கேட்டிருப்பாள்.

படிப்பகத்திலே ஏடு படிக்கும் இளைஞர்களே! மாலைக் கூட்டத்தில் மூடநம்பிக்கையைச் சாடிப் பேசும் தோழர்களே! ‘விதி’ என்ற சொல்லை மேடையில் ஆயிரம் முறை வெட்டி வீழ்த்துகிறோம்; சிறைவாசலில் அது மீண்டும் முளைத்து நிற்கிறது. அங்கே அதை வெட்ட வாதம் போதாது, வக்காலத்து வேண்டும். உங்கள் ஊரில் யாரேனும் கைதானார் என்று கேள்வியுற்றதும், ‘என்ன குற்றம்’ என்று கேட்பதற்கு முன், ‘வழக்கறிஞர் வந்தாரா’ என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்தக் குடும்பத்தின் கையைப் பிடித்துச் சட்டப் பணிகள் குழுவின் வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், கூப்பிய கையோடு நிற்க வேண்டாம், உரிமைக்கு உரியவராக நிமிர்ந்து நின்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சோழன் கதையில் கயிற்றைப் பசுவின் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டியவன் அரசன். இன்று நாட்டில் அரசன் இல்லை. குடிமக்களாகிய நாமே கயிற்றைத் தாழ்த்த வேண்டும். கூலிக்காரன் கை நீட்டினால் எட்டும் அளவுக்கு அது தாழும் வரையில், மணி எவ்வளவு பெரிதென்று எம்மிடம் எவரும் பெருமை பேச வேண்டாம்!